விலை மிகுந்த மடிக்கணினி வேண்டுமா?

சென்ற கோடை விடுமுறையில், ரூ.80,000 விலையுள்ள மடிக்கணினி ஒன்றை எனக்கு வாங்கித் தரக் கறவை மாட்டையே விற்கத் துணிந்தார் என் தந்தையார். மதுரைக் கடைக்காரர் "ஐ7, 16 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு" என்று அடுக்கியதில் நானும் மயங்கித்தான் போனேன்.

மேலூர் அருகே எங்கள் வீட்டில், தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காள் பெற்ற கணினி தூசி படிந்து கிடந்தது. திறக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும். குறை பிராசசரில் அன்று, ஹார்டு டிஸ்க்கில். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல், படிக்கும் முனை ஒவ்வொரு கோப்பையும் தேடி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே கிடையாது. ஆகவே அந்தக் காத்திருப்பும் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் அதை மாற்றி, ரேமையும் 8 ஜிபி ஆக்கினேன். செலவு ரூ.4,000. இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. கட்டுரை, எக்செல், பைதான் பாடம் எல்லாம் தடையின்றி நடக்கின்றன.

விலையுயர்ந்தது வீண் என்பேனா? இல்லை. வீடியோ தொகுப்போர்க்கும் முப்பரிமாணப் படம் அமைப்போர்க்கும் கிராபிக்ஸ் கார்டு பெருந்துணை. ஆனால் அளவுக்கு மீறிச் சூடேறினால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதுரைச் சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், காசு கொடுத்த வேகம் முழுதும் கிடைப்பது அரிது. (கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, அவர் கடையில் ஏசி!)

மாடு தொழுவத்தில்தான் நிற்கிறது. இந்தப் பருவத் தேர்வுக் கட்டணத்தை அதன் பால் பணத்தில்தான் கட்டினேன்.