பத்தீர் கிராமத்தைத் தொட்டு ஓடிய ரயில்

இஸ்ரேல் - பாலஸ்தீனச் சண்டையைப் பற்றிச் சங்க இதழுக்கு எழுதப் போகிறேன் என்றதும், "ஊர் வம்பு போதாதென்று உலக வம்பு வேறா? ரிடையர் ஆனவர் பேசாமல் இருங்களேன்" என்றாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் அரசியல் படித்தவன் அல்லன். நெல்லைப் பக்கம் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, பம்பாய் வந்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பத்தாறு ஆண்டுகளைக் கழித்தவன். ஆனால் அந்தச் சண்டை எங்கள் கோபர்கைரனே வரைக்கும் வந்து என் நண்பர்கள் இருவரைப் பிரித்துவிட்டது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

ஒருவர் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் 'சாஹேப்'. பெனே இஸ்ரேல் எனப்படும் கொங்கணத்து யூதர். நம்மில் பலருக்கு இப்படி ஒரு சமூகம் நம் பக்கத்திலேயே இருந்தது தெரியாது. கப்பல் உடைந்து அலிபாக் அருகே நவ்காவில் கரையேறியவர்களின் வழி வந்தோம் என்பது அவர்களது மரபு. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று பெயர் பெற்றார்கள். தாய்மொழி மராட்டி; பேண் ஊர்க்காரர் பேண்கர், நவ்காவ்காரர் நவ்காவ்கர். பன்வேலில் இவர்களது பழைய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. ரயில்வே, தபால், ராணுவம் என்று வேலை பார்த்தவர்கள், 1948க்குப் பிறகு பெரும்பாலும் இஸ்ரேல் போய்விட்டார்கள். போன இடத்திலும் எல்லாம் சுகமாக இல்லை. 1950களின் தொடக்கத்தில் பாகுபாடு பொறுக்காமல் போராடி, பம்பாய்க்கே திரும்பியவர்களும் உண்டு. முழு யூதர்கள்தான் என்ற அங்கீகாரம் 1964இல்தான் தெளிவாகக் கிடைத்தது. எங்கள் சாஹேப் 2007இல், பிள்ளைகள் அழைத்ததால், லோத் நகருக்குப் போனார்.

மற்றவரை நாங்கள் 'சாச்சா' என்போம். கீமேனாகச் சேர்ந்து மேட்டாக ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அடுத்த செக்டரில் இருக்கிறார். மாலையில் தீன் டாக்கி அருகே டீ குடிக்கிற கூட்டாளி. 2005 ஜூலை 26ஆம் தேதி மழையை மும்பைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றிரவு தாணேவுக்கு அப்பால் ஓரிடத்தில் ஜல்லி அரித்துப்போய், தண்டவாளம் ஸ்லீப்பர்களோடு ஊஞ்சல் போல் தொங்கியது. இடுப்பளவு நீரில், ஆளுக்கொரு பக்கம் விளக்கைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவர்கள் சாஹேபும் சாச்சாவும். மறுநாள் கிடைத்த ஒரே வடா பாவைப் பிய்த்துப் பங்கு போட்டதை நான் பார்த்தேன்.

அப்படிப்பட்ட இருவரும் 2023 அக்டோபருக்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அம்மாதம் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர்ந்து நடந்த போரில் காஸாவில் மாண்டவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 60,000க்கும் மேல். சாஹேபின் பேரன் ராணுவத்தில் இருந்தான். சாச்சா, இடிபாடுகளில் கிடந்த குழந்தைகளின் படங்களை எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சாஹேப் ஒரு வார்த்தை எழுத, சாச்சா பத்து வார்த்தை எழுத, இருவருமே குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பழைய புகைப்படம் நினைவுக்கு வந்தது. சாஹேப் அங்கே போன புதிதில் ஜெருசலேம் போகும் பழைய ரயிலில் பயணம் செய்து, "அண்ணா, நம் போர் காட் போலவே வளைவுகள்" என்று எழுதி அனுப்பிய படம். பள்ளத்தாக்கில் ஒற்றைப் பாதை, மேலே படிப்படியாக வயல்கள், அதற்கு மேல் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் பெயர் பத்தீர் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

யாஃபா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு அந்தப் பாதை திறக்கப்பட்டது 1892இல். கடற்கரையில் தொடங்கி 750 மீட்டர் உயரம் வரை ஏறவேண்டும். முதலில் மீட்டர் கேஜ். பிறகு ஆங்கிலேயர் ஸ்டாண்டர்டு கேஜாக மாற்றினார்கள். பத்தீரில் ஸ்டேஷன் இருந்தது. அரபு விவசாயிகள் காய்கறியை ரயிலேற்றி ஜெருசலேம் சந்தைக்கு அனுப்பினார்கள். அவ்வூரின் ஊற்றுநீரை எட்டு குடும்பக் கிளைகள் முறைவைத்துப் பாய்ச்சுவதால் 'பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்' என்று சொல்வதுண்டு. தாமிரபரணிக் கால்வாயில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த எனக்கு இந்த ஒரு தகவலிலேயே அந்த ஊர் பிடித்துப்போயிற்று.

1948 போரில் ஊர் ஏறக்குறைய காலியானது. ஹசன் முஸ்தஃபா என்பவர் சிலரோடு தங்கி, ஆட்கள் இருப்பதாகத் தோன்றும்படி இரவில் விளக்கேற்றியும் துணி உலர்த்தியும் வைத்தார் என்று சொல்கிறார்கள். 1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தபோது, ஜெருசலேம் ரயில் இஸ்ரேலுக்கு அவசியமாக இருந்தது. பத்தீர்காரர்களுக்கோ தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த நிலம் அவசியம். எனவே பாதை முழுவதும் இஸ்ரேல் வசம் போயிற்று. கிராமத்தார் அதைக் கடந்து தங்கள் நிலத்தைத் தொடர்ந்து பயிரிடலாம், ரயிலுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

இதில் வேலி இல்லை, காவல்கோபுரம் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் பாதையைக் காத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊர்க்காரன் மனம் வைக்காவிட்டால் எந்தக் காவலாலும் தண்டவாளத்தைக் காப்பாற்ற முடியாது. ஒரு ஃபிஷ் பிளேட் போல்ட்டைக் கழற்ற எவ்வளவு நேரமாகும்? ஆனால் ரயிலைக் காத்தால் நிலம் நிற்கும் என்பது அங்கே ஒவ்வொரு விவசாயிக்கும் தெரிந்திருந்தது. 1967இல் மேற்குக்கரையே இஸ்ரேல் வசமான பிறகும் அந்தப் பயிர் நடந்தது. பிறகு பிரிவினைச் சுவரை அவ்வழியே கட்டத் திட்டம் வந்தபோது கிராமத்தார் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் போனார்கள். இஸ்ரேலின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையமே சுவருக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. 2014இல் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இதோடு 1993இன் ஆஸ்லோ ஒப்பந்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகையில் ராபினும் அராஃபத்தும் கைகுலுக்கியதைத் தொலைக்காட்சியில் கண்டு நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகியவற்றைப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். இன்ஜினை ஓட விட்டுவிட்டுப் பாலத்தை அப்புறம் கட்டுவோம் என்பது போல. 1995 நவம்பரில் ராபின் சுட்டுக் கொல்லப்பட்டார், குடியேற்றங்கள் பெருகின, 2000இல் கேம்ப் டேவிட் பேச்சும் முறிந்தது. அதே நார்வே நாடு நடுவில் நின்று 2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் கொண்டுவந்ததும், அதிகாரத்தைப் பற்றிய கேள்வி தீராமலே அது குலைந்து 2009இல் முடிந்த விதமும் நமக்குத் தெரியும். ஸ்லீப்பரெல்லாம் பதுங்குகுழிக்குப் போன யாழ்ப்பாணப் பாதையை நம் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி ஊர் சேர்ந்தது. ரயில் வந்தது. தள்ளிவைத்த கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பத்தீர் கதையை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படியாவது சேர்த்துவிடலாம் என்ற பேராசைதான்.

சாஹேப் போனில், "பார்த்தாயா, அவர்கள் ரயிலைத் தொடவில்லை, நாங்கள் நிலத்தைத் தொடவில்லை. எல்லோரும் அப்படி இருந்தால் என் பேரன் எதற்குத் துப்பாக்கி தூக்கப் போகிறான்?" என்றார்.

சாச்சா டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, 1949க்கு அப்புறம் ரயில் பத்தீரில் நின்றதா?"

நிற்கவில்லை. அதைப் படித்திருந்தும் நான் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"பாதையைக் காத்தது அவர்கள். ஏறுவதற்கு ஸ்டேஷன் கிடையாது. நம் ஸ்டாஃபை இப்படி நடத்தியிருந்தால் யூனியன் விட்டிருக்குமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுமுறை பேசும்போது சாஹேபிடம் இதை அப்படியே சொன்னேன். வெகுநேரம் லைனில் சத்தமில்லை. பிறகு, "அவன் அப்படித்தான் கேட்பான். சரியான கீமேன்" என்றார்.

2025 அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் அறிவித்த வாரம், சாஹேபே என்னை அழைத்தார். பேரன் பத்திரம் என்றார். சாச்சாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் சாச்சாவின் புது நம்பரை அனுப்பி வைத்தேன்.

"கூப்பிட்டாரா?" என்று சாச்சாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.