வாசலில் இடும் இருக்கை

வீட்டுக்கு உள்ளும் ஆகாமல் தெருவுக்குச் சொந்தமாகவும் ஆகாமல் இரண்டுக்கும் இடையே நிற்பது வாயிற்புறம். வெயில் தாழ்ந்த பிறகு வீட்டார் வந்து அமர்வதும், அயலார் வந்து பேசுவதும் அங்கேதான். அந்த இடத்துக்கு எத்தகைய இருக்கை ஏற்றது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இது தச்சரும் கடைக்காரரும் அறிந்தால் போதுமான செய்தி என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். ஆனால் இதில் அறிவியலும் அடங்கியிருக்கிறது. சமுதாய வரலாறும் அடங்கியிருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் வழியில் உள்ளது குடவாசல். இவ்வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். வாசற்படிக்கு இருபுறமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய திண்ணை இருக்கும். அதன் மேல் தாழ்ந்து இறங்கிய கூரையும், அதைத் தாங்கும் மரத்தூண்களும் இருக்கும். சில வீடுகளில் சுவரோரமாகச் சாய்ந்துகொள்வதற்கென்றே ஒரு சரிவும் கட்டியிருப்பார்கள். மழை அதை நனைப்பது குறைவு. நேர்வெயில் அதன்மேல் விழுவதும் குறைவு. காற்றுக்கோ தடையே இல்லை. கறையான் அரிக்காது, கள்வன் தூக்கிச் செல்ல முடியாது. வெளியிடத்து இருக்கைக்கு வேண்டிய இலக்கணங்களில் பெரும்பாலானவை அதில் அமைந்திருந்தன.

திண்ணைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அவ்விடத்தின் அளவைக் கூறுவார்கள். வருகின்றவர் தொகைக்கு ஏற்ப இடம் தருவது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் இல்லை. நாற்காலி ஒருவருக்கு மட்டுமே உரியது. இரண்டாமவர் வந்தால் மற்றொன்று தேட வேண்டும். திண்ணையோ இருவர் வந்தாலும் கொள்ளும். ஐவர் நெருங்கி அமர்ந்தாலும் கொள்ளும். வழிப்போக்கன் இரவில் தலை சாய்க்கவும், அறுவடைக் காலத்தில் நெல்மூட்டைகளை அடுக்கவும், பிள்ளைகள் எழுத்துப் பயிலவும் அதுவே பயன்பட்டது. பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-ஆம் ஆண்டு பிறந்தவருமான டாக்டர் உ. வே. சாமிநாதையரும் இளமையில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவரே.

இவ்வளவு சிறப்பையும் சொல்லிவிட்டு, அதன் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. திண்ணை எல்லோருக்கும் இடம் தரவில்லை. வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள், அந்த நெல் விற்ற பணத்தில் கட்டிய வீட்டின் திண்ணையில் அமர முடியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே நின்று பேசிய காலம் ஒன்று இந்தக் காவிரிப் படுகையில் இருந்தது. தேநீர்க் கடைகளின் பெஞ்சுகளிலும் அந்த வேற்றுமை தொடர்ந்தது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சாதியைக் காரணம் காட்டிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஒருவரையும் தடுக்கக்கூடாது என்று 15-ஆவது பிரிவு விதித்தது. ஆதலால் இருக்கை என்பது வெறும் பலகையன்று. எவரை அமரச் செய்கிறோம், எவரை நிற்க வைக்கிறோம் என்பதை அது ஊரறியச் சொல்லிவிடுகிறது.

இக்காலத்தில் எழும் வீடுகள் பலவற்றில் திண்ணை இல்லை. முன்புறத்தைக் கம்பிக் கதவு அடைத்துக்கொள்கிறது. திண்ணை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இருந்தாலும் வாசலில் சிறிதளவு இடமேனும், மரத்தடியில் ஒரு நிழலேனும், மேலே ஒரு மொட்டைமாடியேனும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. முன்பு கொத்தனார் கட்டித் தந்ததை இப்போது நாமே தேர்ந்து வாங்கவேண்டியிருக்கிறது. தேர்வதற்கு முன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வினா: அதில் அமரப் போகின்றவர் யார்? அளவு பிறப்பது இந்த வினாவிலிருந்துதான். தரையிலிருந்து முழங்காலின் உட்புற மடிப்பு வரையுள்ள உயரமே ஒருவருக்கு ஏற்ற இருக்கையின் உயரம். வளர்ந்தவர் பலருக்கும் அது ஏறத்தாழ 40 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு இன்னும் சற்று உயரமும், எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள இருபுறமும் கைகளும் வேண்டும். சாய்வு நாற்காலி கண்ணுக்கு இனியது. படுத்துப் படிக்கவும் நல்லது. ஆனால் அதிலிருந்து எழுவது முதியவர்களுக்கு எளிதன்று.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் 1903-ஆம் ஆண்டு தாமஸ் லீ என்பவர் தம் கோடைக்கால வீட்டின் வெளிப்புறத்துக்கு ஒரு நாற்காலி செய்ய முற்பட்டார். அவர் நூல்களைப் புரட்டவில்லை. பலகைகளை அடித்து ஒரு நாற்காலி செய்து, வீட்டாரை அதில் உட்காரச் சொல்லி, அவர்கள் கூறிய குறைகளைக் கேட்டுத் திருத்தித் திருத்தி அமைத்தார் என்பர். அகன்ற கைகளும் சாய்ந்த முதுகும் கொண்ட அந்த நாற்காலியின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் தோட்டங்களில் இடப்படுகின்றன. கடைக்குச் செல்லும்போது வீட்டுப் பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இரண்டாம் வினா: அவ்விடத்தின் வெயிலும் மழையும் காற்றும் எத்தகையவை? சித்திரை வெயிலில் கிடந்த இரும்பு நாற்காலியும் மர நாற்காலியும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறியிருந்தாலும், இரும்பில் அமர்ந்தவர் துள்ளி எழுகிறார். மரத்தில் அமர்ந்தவர் பொறுத்துக்கொள்கிறார். இரும்பு தன் வெப்பத்தை உடலுக்கு விரைவாகக் கடத்துவதும், மரம் மெதுவாகக் கடத்துவதுமே இதற்குக் காரணம். வகுப்பில் படித்த வெப்பக் கடத்தல் வாசலிலேயே விளங்கிவிடுகிறதன்றோ?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் பகுதியை நனைக்கும்போது, மர இருக்கை முதலில் கெடுவது காலடியில்தான். மரத்தின் வெட்டுமுகத்தில் திறந்திருக்கும் நுண்குழாய்கள் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன. கால்களின் அடியில் தார் பூசி, ஓட்டுத்துண்டின் மேலோ கல்லின் மேலோ நிறுத்தினால் ஈரமும் ஏறாது. கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அமரும் பலகை ஒரே பரப்பாக இல்லாமல் இடைவெளி விட்ட சட்டங்களாக இருந்தால் நீர் தேங்காமல் வடியும்.

காற்றையும் மறக்கக்கூடாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அத்தகைய காற்றில் இலேசான நாற்காலி ஒரு கல்வீச்சுக்குச் சமம். ஆதலால் எளிதில் எடுத்து உள்ளே வைக்கத்தக்கதாகவாவது, அசையாத கனமுடையதாகவாவது இருக்கை இருத்தல் வேண்டும்.

மூன்றாம் வினா: எப்பொருளால் ஆனது? இங்கே தொல்காப்பிய மரபியல் நமக்குத் துணை செய்கிறது. வெளிப்புறம் வைரமாயிருப்பவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரமாயிருப்பவற்றை மரம் என்றும் அது பிரித்துக் காட்டுகிறது. தச்சுத் தொழிலுக்கு இதைவிடப் பயனுள்ள பாகுபாடு வேறில்லை. தேக்கு உட்புறம் வைரம் பாய்ந்தது. அதன் உள்மரத்திலுள்ள எண்ணெய்ப் பசை கறையானையும் ஈரத்தையும் எதிர்க்கும். வெளிவட்டத்து வெளிறிய பகுதிக்கு அந்த ஆற்றல் இல்லை. தேக்கு என்று பெயர் சொல்லி வெளிற்று மரத்தை விற்பாரும் உண்டு; விழிப்பாயிருத்தல் வேண்டும். பனையும் தென்னையும் மூங்கிலும் இதற்கு நேர்மாறானவை. முற்றிய தென்னையின் வெளிப்புறத்துக் கெட்டிப் பகுதியில் உறுதியான பெஞ்சு செய்யலாம். நடுவிலுள்ள சோற்றுப் பகுதியில் செய்தால் நிலைக்காது. மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அதை உண்ணவே வண்டு துளைத்து மூங்கிலை உளுக்கச் செய்கிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம், அம்மாவுச்சத்து கரைந்து போவதற்காக ஏற்பட்டது.

பிரம்பு மூங்கிலைப்போல் உள்ளீடற்றதன்று; உள்ளும் நிறைந்தது. சூடு காட்டி வளைக்கலாம். தூக்க இலேசாகவும் இருக்கும். கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் என்னும் ஊர் பிரம்பு வேலைக்குப் பேர்பெற்றது. ஆனால் பிரம்பு தாழ்வாரத்துக்கு உரியதே தவிர, நேர்மழைக்கு உரியதன்று. இரும்பில் வண்ணம் உரிந்த இடத்தில் காற்றும் ஈரமும் சேர்ந்து துருவை உண்டாக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும்.

பிளாஸ்டிக் நாற்காலியை இகழ்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வாறு இகழ வேண்டியதில்லை. விலை மலிவு, கழுவ எளிது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பந்தலில் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே வகை நாற்காலியைப் போட்டதும் அதுதான். அதன் பகை வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் அதை நிறம் மங்கச் செய்து, நொறுங்கும் தன்மையாக்கிவிடுகின்றன. நிழலில் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

நான்காம் வினா: பழுதுபட்டால் செப்பனிட முடியுமா? இவ்வினாவில் முதற்பரிசு பெறுவது கயிற்றுக் கட்டில். கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம். இற்றுப்போனால் புதிதாகப் பின்னலாம். சட்டம் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். தேங்காய் நார்க்கயிறு ஈரத்தைத் தாங்கும். பருத்தி நாடா உடலுக்கு மென்மையானது, ஆனால் நனைந்தால் மக்கிவிடும். பகலில் வாசலில் இருக்கையாகவும், இரவில் படுக்கையாகவும், அறுவடை நாளில் களத்து நெல்லுக்குக் காவலிருக்கவும் அது உதவுகிறது. பின்னலின் இடைவெளிகள் வழியே கீழிருந்தும் காற்று வருவதால் கோடையில் உடல் வியர்வையில் புழுங்குவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தாலோ அது குப்பைக்கே செல்லவேண்டியதாகிறது.

இந்நான்கையும் சேர்த்து எண்ணினால், காவிரிப் படுகையில் ஓர் எளிய வீட்டுக்கு மூன்று பொருள்கள் போதும் என்று விளங்கும். கூரையின் கீழ், சட்டமிட்ட மரப்பெஞ்சு ஒன்று. முதியவருக்காகக் கைகளும் போதிய உயரமும் உடைய நாற்காலி ஒன்று. எங்கும் தூக்கிச் செல்லக் கயிற்றுக் கட்டில் ஒன்று. தரையில் அமர விரும்புவோர்க்குக் கோரைப்பாய் இருக்கவே இருக்கிறது. புதுவீடு கட்டுவோருக்கு இடமும் பொருளும் இருந்தால், ஒரு முழ அகலத்திலேனும் திண்ணை கட்டிக்கொள்வது எல்லாவற்றினும் நன்று.

மாணவ நண்பர்களே! பழைய திண்ணையிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. அதன் கொடையும் அதன் குறையும். தெருவில் நடந்து களைத்தவருக்கு, கேளாமலே அது இடம் தந்தது. அந்தக் கொடையை நாம் இழந்துவிடக் கூடாது. ஆனால் சிலரை விலக்கி வைத்தது. அந்தக் குறையை நாம் மீண்டும் கொண்டுவரக் கூடாது. தபால்காரர், காய்கறி விற்கும் அம்மாள், வயலிலிருந்து திரும்பும் கூலியாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆகிய இவர்களுள் எவர் வந்தாலும் தயக்கமின்றி அமரக்கூடியதாக ஒரு பெஞ்சு கம்பிக் கதவுக்கு வெளியே கிடக்கட்டும். அது தேக்காயினும் தென்னையாயினும் சரியே. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுத்தமுறை வாசலுக்கு இருக்கை வாங்கப் புறப்படும்போது, விலை என்ன என்று கேட்பதற்கு முன், இதில் யார் யார் உட்காரலாம் என்று நீங்கள் கேளுங்கள்.