ஜிலேபி மீனும் பையில் வரும் வைரசும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோயம்புத்தூரை ஒட்டியுள்ள வேலந்தாவளம் போன்ற எல்லை ஊர்களில் மீன் வளர்க்க முனைவோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது, தமிழ்ப் பேச்சில் ஜிலேபி எனப்படும் திலாப்பியா. கிடைத்ததைத் தின்று, ஆக்சிஜன் குறைந்த நீரையும் பொறுத்து வளரும் இம்மீனுக்குப் பெருநோய் எதுவும் வராது என்று நெடுநாள் நிலவிய நம்பிக்கையைக் குலைத்தது ‘திலாப்பியா ஏரி வைரஸ்’.

இஸ்ரேலின் கலிலேயாக் கடல் என்னும் நன்னீர் ஏரியிலும் அந்நாட்டுப் பண்ணைகளிலும் 2009 முதல் மீன்கள் மடிந்ததற்குக் காரணம் இவ்வைரசே என்பது 2014-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. இந்தியாவில் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் வளர்க்கப்பட்ட நைல் திலாப்பியாக்களில் 80 முதல் 90 விழுக்காடு வரை மடிந்ததையும், அம்மீன்களில் இவ்வைரஸ் இருந்ததையும் 2018-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

இன்ஃபுளுயன்சாவைப் போலவே இதன் மரபுப்பொருளும் துண்டுகளாக அமைந்த ஆர்.என்.ஏ. ஆகும், அத்துண்டுகள் பத்து. எனினும் இது மனிதரைத் தொற்றுவதில்லை. நோயுற்ற மீன் தீவனத்தைத் தொடாது, சோர்ந்து நீர்மட்டத்தில் மிதக்கும். தோல் அரிக்கப்பட்டுப் புண்ணாகும். கண் வீங்கிப் பின்னர் பால்போல் வெளுக்கும். அறுத்துப் பார்த்தால் கல்லீரலிலும் மூளையிலும் சேதம் தெரியும். குஞ்சு விட்ட ஒரு மாதத்திற்குள்ளேயே சாவு தொடங்குவதைத் தாய்லாந்துப் பண்ணைகளில் கண்டிருக்கிறார்கள். தாய்மீனிடமிருந்து குஞ்சுக்கும் இது கடக்கக்கூடும் என்பதால், ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் துள்ளிக்கொண்டு வரும் குஞ்சுகளைக் கண்ணால் பார்த்து நம்புவதற்கில்லை. மாநில எல்லையில் வண்டியை நிறுத்திப் பார்த்தாலும் தெரியாத சரக்கு இது.

மீன் மிதந்ததும் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தீவனத்தில் கலப்பது, பாக்டீரியாவுக்கான மருந்தை வைரசுக்குக் கொடுப்பதாகும். பணம் வீணாவதோடு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களும் குட்டையில் பெருகும். குணப்படுத்தும் மருந்து இல்லாத நிலையில், பரிசோதித்த தாய்மீன் வைத்திருக்கும் குஞ்சுப்பொரிப்பகத்தைத் தேடுவதும், புதிய குஞ்சுகளைப் பழைய மீன்களோடு உடனே சேர்க்காமல் சில வாரம் தனித்தொட்டியில் கவனிப்பதும், வலை, வாளி ஆகியவற்றைக் குட்டைக்குக் குட்டை மாற்றாமலிருப்பதுமே பயன் தருவன. பிழைத்த மீன்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றாலும் வைரசைச் சுமந்திருக்கக்கூடும். அவற்றை வேறு குட்டைக்கு மாற்றுவதும் ஆபத்தே.

நோயை உறுதிசெய்யப் பி.சி.ஆர். என்னும் மரபுப்பொருள் சோதனை தேவை. செத்து நாறிய மீனில் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுமாதலால், தள்ளாடும் உயிர்மீனையே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு வழியில்லையெனில், கல்லீரல், மண்ணீரல், மூளை ஆகியவற்றின் சிறு துண்டுகளை அடர் ஆல்கஹாலில் இட்டு அனுப்பலாம்.