கத்தியில் ஓடும் வரிகள்

சாத்தூரில் கறிக்கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “டமாஸ்கஸ் கத்தி என்று, உடம்பெல்லாம் அலை அலையாக வரியோடும் தோலுரி கத்தி இணையத்தில் விற்கிறார்கள். 320 அடுக்காம். ஆடு உரிக்க வாங்கலாமா?” விளம்பரத்தில் அது வேட்டைக் கத்தி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அந்தக் கத்திக்கு வேலை இருப்பது கறிக்கடையில்தான்.

இரண்டு வகை எஃகுப் பட்டைகளை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். ஒன்றில் கார்பன் கூடுதல்; மற்றதில் கார்பன் சற்றுக் குறைவு, நிக்கல் 2 சதவீதம். வெண்காரம் தூவி, 1,100 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, சம்மட்டியால் அடித்தால் ஒட்டிக்கொள்ளும். நீட்டி மடித்து மறுபடி அடிக்க வேண்டும். பத்து அடுக்கு, ஐந்து மடிப்பில் 320.

விருதுநகர் பரோட்டா போடுகிறவரின் கைவேலைதான் இது. ஒரு மாவில் உப்பைக் கூட்டிப் போடுங்கள். இன்னொன்றில் உப்பைக் குறைத்துக் கேழ்வரகு கலந்து பிசையுங்கள். இரண்டையும் அடுக்கி மடித்து ஊறவிட்டால் உப்பு எல்லா அடுக்குக்கும் பரவிவிடும். கேழ்வரகின் நிறமோ போட்ட இடத்திலேயே நிற்கும். (பரோட்டாவில் எண்ணெய் அடுக்கைப் பிரிக்கிறது, வெண்காரம் இரும்பின் மேலேறும் செதிலைக் கரைத்து அடுக்கை ஒட்டவைக்கிறது. அங்கே மட்டும் பரோட்டா உதவாது.)

கார்பன்தான் உப்பு. அதன் அணு சிறியது. இரும்பு அணுக்களின் இடுக்கில் நுழைந்து ஓடிவிடும். நிக்கல் அணு ஏறக்குறைய இரும்பின் அளவு; பக்கத்து இருக்கை காலியானால்தான் நகரும். 1,100 டிகிரியில் பத்து நிமிடம் கிடைத்தால் கார்பன் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நிக்கலுக்கு அதில் நூறில் ஒரு பங்கு போவதே பாடு. முடிந்த கத்தியில் ஓர் அடுக்கின் கனம் 0.01 மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே கடினத்தைத் தரும் கார்பன் எல்லா அடுக்கிலும் சமமாகிவிடுகிறது. ‘கடின அடுக்கும் மெது அடுக்கும் சேர்ந்து ரம்பம்போல் அறுக்கும்’ என்ற விளம்பரம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஃபெரிக் குளோரைடில் முக்கியதும் நிக்கல் இல்லாத அடுக்கு அரித்துக் கறுக்கும், நிக்கல் அடுக்கு பளிச்சென்று நிற்கும். நாம் பார்க்கும் வரி அதுதான். எனக்கு இது அலுக்காத அதிசயம்.

வரலாறு கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பழைய டமாஸ்கஸ் வாள் அடுக்கி ஒட்டியதல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகில் அடித்தது. 1819-இல் மைக்கேல் ஃபாரடே அந்த எஃகைப் பகுத்துப் பார்த்தார். அதன் வரி, இம்மியளவு வனேடியம் போன்ற கலப்பால் வரிசைகட்டும் கார்பைடு துகள்களால் வருவது என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் பென்ட்ரேயும் 1998-இல் எழுதினார்கள். 2006-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பழைய வாள் ஒன்றில் கார்பன் நானோகுழாய் கண்டதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியை இன்றைய அடுக்குக் கத்திக்கு ஒட்டி விற்பது நேர்மையல்ல.

தோலுரிக்க வேண்டியது மெல்லிய விளிம்பும், முனைப்பக்கம் வளைந்த வயிறும், பட்டறையில் காய்ச்சி முக்கிச் சரியாகப் போட்ட துவைச்சலும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியிலும் இவை மூன்றும் அமையும். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை, அது உழைப்பின் அழகு. வாங்கினால் ஒரு மூலையை உப்புத்தாளால் வரி மறையத் தேய்த்து, மறுபடி ஃபெரிக் குளோரைடில் முக்கிப் பாருங்கள். உண்மையான அடுக்கானால் வரி திரும்ப வரும். மேலோட்டமாக அச்சடித்ததானால் வராது. வேலை முடிந்ததும் ரத்தத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். 2 சதவீத நிக்கல் துருவைத் தடுக்காது.