டிவிடி படம் மங்கலா? வசனம் கேட்கலையா? பிளேயரைத் தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகளில் வாங்கிய தமிழ்ப் பட டிவிடிகள் உங்க வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். புது 4கே டிவியில் போட்டால் படம் மங்கல். பாட்டு அலறுது, வசனம் மட்டும் காதில் விழல. பிளேயர் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

படம் ஏன் மங்குது?

மலேசியா பயன்படுத்திய ‘பால்’ முறை டிவிடியில் ஒரு காட்சிக்கு 720 × 576 புள்ளிகள்தான். 4கே திரையில் அதைப்போல் 20 மடங்கு. இருப்பதை இழுத்துத்தான் டிவி திரையை நிரப்புகிறது. மஞ்சள் கேபிள் இன்னும் கெடுக்கும்: நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வரும். பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாறுங்க. பழைய படங்களில் முகங்கள் குண்டாகத் தெரிந்தால், டிவியில் பட அளவை 4:3 ஆக்குங்க.

வசனம் எங்கே போச்சு?

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. டிவியில் இருப்பதோ பொதுவாக இடம், வலம் இரண்டுதான். பிளேயர் செட்டிங் 5.1-இல் நின்றால் நடு ஒலி தொலையலாம். ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றினால் அது இரண்டிலும் கலந்து கேட்கும்.

எதை முதலில் காப்பாற்றணும்?

கடையில் வாங்கிய அசல் சினிமா டிஸ்க், அச்சில் அழுத்தி எடுத்தது. வீட்டுக் கல்யாண டிஸ்க் அப்படியல்ல. சாயப் படலத்தில் லேசர் எழுதியது. வெயிலும் சூடும் அதை மெல்ல அழிக்கும். சினிமா மறுபடி கிடைக்கலாம். அந்த வீடியோவில் பேசும் பாட்டியின் குரல் கிடைக்காது. டிஸ்க் ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்க.