தேவாங்கைப் படம் எடுக்கும் முன்

நாமக்கல்லிலிருந்து காவிரியைத் தாண்டினால் கரூர் மாவட்டம். அங்குள்ள கடவூர் காடுகளையும் அவற்றை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டக் காடுகளையும் சேர்த்து, 11,806 ஹெக்டேர் பரப்பில், இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயத்தை 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

தேவாங்கு இரவில் நடமாடும் சிறு விலங்கு. பெரும்பாலும் மரங்களிலேயே வாழும். பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்பதால் உழவருக்கு நண்பன். காடு சுருங்குவதும், மாந்திரீகத்துக்கு உதவும் என்ற மூடநம்பிக்கையால் பிடிக்கப்படுவதும் அதற்குப் பெரிய ஆபத்துகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

இன்று நம் மாணவர் பலரிடம் கைப்பேசி இருக்கிறது. அரிய விலங்கின் படம், அது அங்கு வாழ்வதற்கான சான்று. ஆனால் படமெடுக்கும் முறை தவறினால் அதுவே தீங்காகும். மங்கிய ஒளியிலும் பார்க்க உதவும் பிரதிபலிப்புப் படலம் தேவாங்கின் கண்ணில் உண்டு. ஃபிளாஷ் ஒளி அக்கண்ணைக் கூசச் செய்யும். அதனால்தான் ஆய்வாளர்கள் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். படத்துடன் இடத்தையும் சமூக ஊடகத்தில் வெளியிட்டால், வேட்டைக்காரருக்கு நாமே வழி சொன்னதாகிவிடும்.

எனவே உயிரினப் பாதுகாப்புப் பாடத்தின்போது மாணவர்களிடம் நான்கைப் பதிய வைப்போம்: தொடாதே, துரத்தாதே, ஃபிளாஷ் வேண்டாம், இடத்தை வனத்துறைக்கு மட்டும் சொல். பள்ளி வளாகத்து ஓணானையும் ஆந்தையையும் படமெடுப்பதிலிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம்.