சிறுவர் தட்டில் மூத்தோர் உணவு: அளவு குறையலாம், சத்து குறையலாகாது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு போன்ற பெரும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குக் குழந்தைகள் மட்டும் செல்வதில்லை. பேரக்குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் உடன் செல்கின்றனர். பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் பலரின் பயணத்திலும் இத்தகைய பூங்காவுக்கென ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. நண்பகலில் உணவகத்தின் முன் வரிசையில் நிற்கும்போது, மூத்தவர்கள் சிலர், "எனக்குச் சிறுவர் உணவே போதும்" என்று கூறுவதுண்டு.

உடன் வந்தவர்கள் இதனைப் பலவாறாகப் புரிந்துகொள்கின்றனர். செலவைக் குறைக்கவே அவ்வாறு கேட்கிறார் என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர் கூச்சமடைந்து, பெரிய தட்டையே வாங்கி, "முழுவதும் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துகின்றனர். ஆனால் இந்த விருப்பத்திற்கு உடலியல் சார்ந்த நியாயமான காரணங்கள் உள்ளன. அதே வேளையில், குழந்தைக்கென வகுக்கப்பட்ட தட்டு மூத்தவரின் தேவையை முழுமையாக நிறைவு செய்வதில்லை. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது, பூங்காவில் மட்டுமன்றி, எந்த உணவகத்திலும் திருமண விருந்திலும் பயன்படும்.

முதுமையில் பசி ஏன் குறைகிறது?

வயது ஏற ஏறத் தசையின் அளவு குறைகிறது, நடமாட்டமும் குறைகிறது. எனவே உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. இரைப்பை முன்போல் எளிதில் விரிந்து கொடுப்பதில்லை. உணவு அதிலிருந்து குடலுக்குச் செல்வதும் தாமதமாகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு அறிவிக்கும் இயக்குநீர்களின் செயல்பாடு கூடுகிறது. ஆகவே நான்கு வாய் உண்டதும் போதும் என்ற உணர்வு மூத்தோருக்கு விரைவில் வந்துவிடுகிறது.

நுகரும் ஆற்றலும் சுவை உணர்வும் மங்குவதால் உணவின் மீதுள்ள ஈர்ப்பும் குறைகிறது. பல் இழப்பு, பொருந்தாத பல்செட், வாய் வறட்சி, மலச்சிக்கல் ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன. மெட்பார்மின், டிஜாக்சின் போன்ற சில மருந்துகளும் பசியைக் குறைக்கக்கூடும்.

சிறு தட்டின் நன்மைகள்

அமெரிக்க உணவகங்களில் பெரியவர்களுக்கான தட்டு பெரும்பாலும் நம் வீட்டு வேளை உணவைவிட மிகப் பெரியது. பசி குறைந்தவர் முன் மலைபோல் குவிந்த உணவை வைத்தால், உண்ணத் தொடங்கும் முன்பே மனம் சலித்துவிடுவதுண்டு. தம்மால் உண்டு முடிக்கக்கூடிய அளவு தட்டில் இருந்தால் நிதானமாகவும் நிறைவாகவும் உண்ண இயலும்.

மற்றொரு நன்மை இரத்த அழுத்தம் தொடர்பானது. உணவு உண்டதும் செரிமானத்திற்காகக் குடலை நோக்கி அதிக இரத்தம் பாய்கிறது. இளையோரின் உடல் இதனை உடனே ஈடுசெய்துவிடும். மூத்தோர் சிலருக்கு, குறிப்பாக நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு, அவ்வாறு ஈடுசெய்ய இயலாமல், உண்ட 2 மணி நேரத்திற்குள் சிஸ்டாலிக் அழுத்தம் 20 அலகு அல்லது அதற்கு மேலும் குறைந்துவிடலாம். தலைசுற்றல், கண் இருட்டல், தடுமாறி விழுதல் ஆகியன இதன் விளைவுகள். மாவுச்சத்து மிகுந்த பெரிய உணவுக்குப் பின் இது அதிகம் நிகழ்கிறது. சிறு சிறு வேளைகளாகப் பிரித்து உண்பது இதனைத் தவிர்க்க உதவும். வயிறு நிறைய உண்ட உடனே வெயிலில் நெடுந்தூரம் நடப்பதை விடச் சிறிதளவு உண்டு, சற்று நேரம் அமர்ந்திருந்து, பின் மெல்ல எழுந்து நடப்பதே மூத்தோருக்கு ஏற்றது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் சிறு அளவே நல்லது.

குழந்தையின் தேவை வேறு, மூத்தவரின் தேவை வேறு

அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, ஓரளவு ஓடியாடும் 6 வயதுச் சிறுவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி தேவை என்கிறது. அதிக உடலுழைப்பு இல்லாத, 60 வயதைக் கடந்த பெண்ணுக்கும் ஏறத்தாழ அதே 1,600 கலோரிதான். ஆகவே ஆற்றலை மட்டும் நோக்கினால், பாட்டியும் பேரனும் ஒரே அளவு உண்பதில் வியப்பில்லை.

புரதத்தில் நிலைமை வேறு. 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 19 கிராம் புரதம் போதுமானது என்பது அமெரிக்கப் பரிந்துரை. மூத்தோருக்கோ, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று முதியோர் நல வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் வரை. கலோரித் தேவை ஒன்றாக இருப்பினும், புரதத் தேவை 3 மடங்குக்கும் மேல்.

புரதம் போதாதபோது உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. தசை குறைந்தால் நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் கடினமாகும். விழுதலும் எலும்பு முறிவும் எளிதில் நேரும். அறுவை சிகிச்சைக்குப் பின் தேறுவதும் தாமதமாகும். ஒரு நாள் குறைவாக உண்பதால் இவை வந்துவிடுவதில்லை. ஆனால் சிறு தட்டே அன்றாட வழக்கமாகும்போது, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளாத சிறுநீரக நோயாளிகள் மட்டும், தங்கள் மருத்துவர் கூறிய புரத அளவையே பின்பற்ற வேண்டும்.

அந்தத் தட்டில் இருப்பவை எவை?

அமெரிக்கப் பூங்காக்களின் சிறுவர் உணவில் சிக்கன் நக்கெட்ஸ், பாலாடைக்கட்டி சேர்த்த மாக்கரோனி, ஹாட் டாக், சிறிய பர்கர் போன்றவை வழக்கமானவை. 2006-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் சிறுவர் உணவுக்கான சத்துணவு நெறிகளை அறிவித்தது. அதன் பின்னர், உருளைக்கிழங்கு வறுவலுக்கும் குளிர்பானத்திற்கும் மாற்றாக, பழம் அல்லது காய்கறியும், கொழுப்புக் குறைந்த பால், நீர், பழச்சாறு ஆகியவற்றுள் ஒன்றும் அதன் பூங்காக்களில் சிறுவர் உணவுடன் இயல்பாகவே வழங்கப்படலாயின. மூத்தோருக்கும் இது பயன் தரும் ஏற்பாடே.

எனினும் 3 செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, புரதம். பானமாகப் பழச்சாறுக்குப் பதில் பாலைக் கேட்டு வாங்கினால் 240 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. யோகர்ட், வேகவைத்த பீன்ஸ், சுட்ட கோழி ஆகியவற்றுள் ஒன்றைத் துணையுணவாகச் சேர்த்துக்கொள்ளலாம். புரதமுள்ள உணவை முதலில் உண்டுவிட்டு மற்றவற்றைப் பின்னர் உண்பது, விரைவில் வயிறு நிறைபவர்களுக்கு நல்ல வழக்கம்.

இரண்டாவது, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஹாட் டாக், நக்கெட்ஸ், பாலாடைக்கட்டி ஆகியவற்றில் உப்பு மிகுதி. இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள், அளவு சிறியதுதானே என்று இவற்றை அச்சமின்றி உண்ணலாகாது.

மூன்றாவது, விழுங்குதல். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், பல் இழப்பு ஆகியவற்றால் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு, உருண்டையான ஹாட் டாக் துண்டும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. குழந்தைகளுக்கு உள்ள அதே அபாயம்தான் இது. இவற்றை நீளவாக்கில் சிறிதாக வெட்டித் தருக, அல்லது தவிர்த்துவிடுக.

இன்சுலினும் மாத்திரையும்

இக்கட்டுரையில் மிகுந்த எச்சரிக்கையுடன் படிக்கவேண்டிய பகுதி இது. வழக்கமான மதிய உணவுக்கென இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும் திடீரென்று பாதி அளவே உண்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடலாம். பூங்காவில் நாள் முழுவதும் நடப்பது அதனை மேலும் குறைக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். வெயிலில் நடந்த களைப்பு என்று இவற்றைத் தவறாக எண்ணிவிடும் வாய்ப்பும் உண்டு.

சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது அளவிட இயலாத நிலையில் அறிகுறிகள் தோன்றினால், அரை டம்ளர் பழச்சாறோ ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோ உடனே தருக. 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாய்வழியே எதையும் புகட்டலாகாது. அவசர உதவியை அழைக்க வேண்டும். குறைவாக உண்ணும் நாள்களில் மருந்தின் அளவு என்னவாக இருக்கவேண்டும் என்பதைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்க. தாமாகவே அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

கேட்டு வாங்கும் முறை

டிஸ்னி வேர்ல்டில், கவுன்ட்டரில் சொல்லி வாங்கும் விரைவு உணவகங்களில் பெரியவர்கள் சிறுவர் உணவு கேட்டால் பொதுவாகத் தடை சொல்வதில்லை. மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில், சிறுவர் உணவுப் பட்டியல் 9 வயது வரையுள்ளோருக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். அங்கே பரிமாறுபவரிடம் பணிவுடன் கேட்டுப் பார்க்கலாம். வேண்டிய அளவு எடுத்து உண்ணும் பஃபே உணவகங்களில் கட்டணம் வயதைப் பொறுத்தது. குறைவாக உண்பவருக்கும் பெரியவருக்கான கட்டணமே. ஆகவே பசி குறைந்தவருக்குப் பஃபே ஏற்றதன்று.

சிறுவர் உணவு கிடைக்காவிடில் வேறு வழிகளும் உண்டு. ஒரு பெரிய தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். சூப்புடன் ஒரு துணையுணவை மட்டும் வாங்கலாம். மிஞ்சியதைப் பெட்டியில் எடுத்துச் செல்லக் கேட்கலாம். ஆனால் 32 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், சமைத்த உணவை 1 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்திருந்து உண்ணலாகாது.

அப்பூங்காவிற்குள் வீட்டு உணவை எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரங்களுக்கும் மதுவுக்கும் அனுமதியில்லை. பொடி தடவிய இட்லி, பொட்டுக்கடலை போன்றவை சிறு பசிக்கு உதவும். தயிர்சாதமோ வேகவைத்த முட்டையோ எடுத்துச் செல்வதானால், குளிரூட்டிய ஜெல் பையுடன் வைத்துக் கட்டுக.

மூத்தோருக்குத் தாக உணர்வும் குறைவு. புளோரிடாவின் கோடைப் பகலில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். குளிர்பான இயந்திரம் உள்ள விரைவு உணவகங்களில் குளிர்ந்த குடிநீரை இலவசமாகவே கேட்டுப் பெறலாம். நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால், அந்த வரம்பை மீறலாகாது.

எப்போது மருத்துவரிடம் வரவேண்டும்?

பல ஆண்டுகளாகவே அளவாக உண்டு, எடை மாறாமல், சுறுசுறுப்பாக இருப்பவர் சிறு தட்டைக் கேட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. அண்மையில்தான் அளவு குறைந்தது என்றால் காரணத்தைத் தேட வேண்டும். முயற்சியின்றியே 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்திற்கு மேல், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், பரிசோதனை தேவை. விழுங்கும்போது வலி அல்லது இருமல், சில வாய் உண்டதுமே வயிறு நிறைதல், தொடர்ந்த சோர்வு, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது. பல் நோய், மனச்சோர்வு, தைராய்டு கோளாறு, காசநோய், புற்றுநோய் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றுள் பல, உரிய நேரத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தத்தக்கவை.

எடைக்கருவி இல்லாத வீட்டிலும் இதனை உணர இயலும். வளையலும் மோதிரமும் கழன்று விழுதல், இடுப்புப் பட்டையில் புதிய துளை தேவைப்படுதல், பல்செட் தளர்தல் ஆகியவை எடை குறைவின் அடையாளங்கள். நெடுநாள் கழித்துப் பெற்றோரைக் காணும் பிள்ளைகளின் கண்ணுக்கே இம்மாற்றங்கள் முதலில் புலப்படும். ஆகவே, அம்மாவோ அப்பாவோ சிறுவர் உணவு கேட்கும்போது மறுக்காமல் வாங்கித் தருக. அதனுடன் ஒரு பாலையும் சேர்த்து வாங்குக. பின்னர் ஓய்வாக இருக்கும்போது, "எப்போதிலிருந்து இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று அன்புடன் கேளுங்கள். அந்த விடையைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது தவறாமல் தெரிவியுங்கள்.